முதல் புகையிலை பைப் வாங்குவோருக்கு: மக்காச்சோளக் கட்டை பைப்
கிருஷ்ணகிரியில் தேடி அலுத்து, பெங்களூரு போன நண்பரிடம் சொல்லி வாங்கிய மிசௌரி மீர்ஷாம் கம்பெனி பைப் இது. அமெரிக்காவில் 1869 முதல் செய்கிறார்கள். மணி உதிர்த்த மக்காச்சோளக் கட்டைதான், நம்ம ஊரில் அடுப்புக்குப் போடுவோமே அது மாதிரிதான், கையில் எடுத்தால் எடையே தெரியாது. பிரையர் மரப் பைப் போல முதலில் கொஞ்சம் கொஞ்சமாகப் புகைத்துப் பழக்கி எடுக்க வேண்டியதில்லை என்பதால் முதலில் இதையே வாங்குங்கள்.

புகையிலையை அடியில் தளர்வாக, மேலே கொஞ்சம் இறுக்கி நிரப்புங்கள். முதல் தீக்குச்சிக்கு மேல்பக்கம் புசுபுசுவென்று எழும்பும், அதை மெல்ல அமுக்கிவிட்டு மறுபடி பற்றவைக்க வேண்டும். அப்புறம் அவசரமே கூடாது. பீடி மாதிரி இழுத்து முதல் வாரம் எனக்கு நாக்கு வெந்துபோனது. புகையை உள்ளே இழுக்காவிட்டாலும் வாய்ப்புற்று அபாயம் உண்டு, அதனால் ஞாயிறு மாலை ஒரு தடவை, அவ்வளவுதான். ஆறியதும் பைப் கிளீனர் (பஞ்சு சுற்றிய மெல்லிய கம்பி) விட்டுத் துடையுங்கள், ஈரம் நின்றால் அடுத்த முறை கசக்கும்.