கரீபியனா, இந்தியப் பெருங்கடலா, பனிக்கடலா: மூன்று கப்பல் கேம்கள்

சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கில் மாலையில் நின்றால் அடிவானம் நெடுக நங்கூரமிட்ட கப்பல்கள். சின்ன வயதிலிருந்து அதைப் பார்த்துப் பழகியதாலோ என்னவோ, கப்பல் வரும் வீடியோ கேம் என்றால் எனக்கு உயிர். அப்படி மூன்று. எல்லாரும் கொண்டாடிய அசாசின்ஸ் கிரீட் 'பிளாக் ஃபிளாக்', எல்லாரும் திட்டிய 'ஸ்கல் அண்ட் போன்ஸ்', பலர் கண்ணில் படாமலே போன அசாசின்ஸ் கிரீட் 'ரோக்'.

கரீபியக் கடலில் நடக்கும், 2013இல் வந்த பிளாக் ஃபிளாக்கில் எனக்குப் பிடித்தது பீரங்கி அல்ல, பாட்டு. பாய் விரித்ததும் மாலுமிகள் தாங்களாகவே பாட ஆரம்பிப்பார்கள். பாட்டு முடியட்டும் என்று, சேர வேண்டிய தீவைத் தாண்டிப் போய்ச் சுற்றி வந்திருக்கிறேன். எதிரிக் கப்பலை அடித்து ஓயவைத்த பிறகு சுக்கானை விட்டுவிட்டு, கயிற்றில் தொங்கி அதன் மேல்தளத்தில் குதிக்கலாம். கரையில்தான் சலிப்பு. ஒருவன் பின்னாலேயே பதுங்கிப் போய் ஒட்டுக்கேட்கும் வேலைகள் மிக அதிகம்.

ஸ்கல் அண்ட் போன்ஸ் நம் சிங்கப்பூர் ஸ்டூடியோ தலைமையில் உருவானது. 2017இல் அறிவித்து 2024 பிப்ரவரியில்தான் வெளிவந்தது. அத்தனை வருஷமும் காத்திருந்தேன். மூன்றில் கடல் அழகு இதில்தான். புயலில் அலை எழும்பும்போது கை தானாகவே இறுகும். களம் இந்தியப் பெருங்கடல், தோ, சம்பூக் போன்ற நம் பக்கத்துக் கலங்கள். கொள்ளையர் ஊர் ஒன்றுக்குத் தெலுக் பெஞ்சாரா என்று பெயர். இங்கே தெலுக் பிளாங்காவில் பஸ் ஏறி இறங்கியவனுக்கு அந்தப் பெயரைத் திரையில் பார்ப்பது தனிச் சந்தோஷம்.

ஆனால் எதிரிக் கப்பலில் கொக்கி மாட்டியதும் ஒரு சின்னக் காட்சி ஓடும், கொள்ளைப் பொருள் கைக்கு வரும், அவ்வளவுதான். குதிக்க முடியாது, வாள் வீச முடியாது, கடலில் இறங்கி நீந்தவும் முடியாது. இவ்வளவு நல்ல கடலைச் செய்துவிட்டு அதில் கால் நனைக்க விடவில்லையே என்ற வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை. திட்டியவர்கள் பலர் கடலைப் பார்க்காமலே திட்டினார்கள் என்பதும் உண்மை.

அப்புறம் ரோக். 2014 நவம்பரில் இதே தொடரின் 'யூனிட்டி' புதிய கேம் கருவிகளுக்கு வந்தது. ரோக் பழைய பிஎஸ்3, எக்ஸ்பாக்ஸ் 360க்கு வந்தது. பேச்செல்லாம் யூனிட்டியைப் பற்றியே. நானும் அப்போது வாங்கவில்லை, ரொம்பப் பிந்தித்தான் ஆடினேன்.

வட அட்லாண்டிக்கில் பனிப்பாறைகளை உடைத்துக்கொண்டு கப்பல் போகும். தண்ணீரில் விழுந்தால் குளிரே உயிரைக் குடிக்கும். இங்கே எதிரியும் நம் கப்பலில் ஏறிவருவான். ஆனால் என்னைக் கட்டிப்போட்டது கதைதான். 1755இல் லிஸ்பனை அழித்த நிலநடுக்கம் உண்மையில் நடந்தது. கதையில் அதற்கு நாயகன் ஷே, தெரியாமல் தானே காரணமாகிறான். ஊர் இடிந்து விழ, அவன் கூரை கூரையாக ஓடுவான், ஓட்டுவது நாம். அந்தக் குற்றவுணர்வில் தன் கூட்டமான அசாசின்களையே விட்டு, அவர்களின் எதிரிகளான டெம்ப்ளர்கள் பக்கம் போகிறான். முதலில் ஆடிய பிளாக் ஃபிளாக்கில் நான் ஆதரித்த பக்கத்தையே இதில் துரத்த வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் மனசு கனத்தது.

கதை சின்னதுதான், சீக்கிரம் முடிந்துவிடும். இருந்தாலும் மூன்றில் எனக்கு ரோக்தான் முதலிடம், அடுத்து பிளாக் ஃபிளாக். இரண்டையும் சேர்த்து 2019இல் நிண்டெண்டோ ஸ்விட்ச் கருவிக்கு 'தி ரெபெல் கலெக்‌ஷன்' என்று வெளியிட்டார்கள். அதை வாங்குங்கள், பிளாக் ஃபிளாக்கை முடித்துவிட்டு ரோக்கைத் தொடங்குங்கள். மாற்றி ஆடினால் ஷே எதை விட்டுப் போகிறான் என்பது உறைக்காது.