ராக்வூல் லேக்கிங்கில் போனது 4 லட்சத்து 60 ஆயிரம்: எடை போடாமல் சரக்கை இறக்காதீர்கள்

நேற்று பைப் இன்சுலேஷனை மேலே மூடியிருக்கும் கிளாடிங் ஷீட்டைக் கழற்றிப் பார்த்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. ஸ்டீம் லைனுக்கு லேக்கிங், அதாவது சூடு வெளியேறாமல் பைப்பைச் சுற்றும் இன்சுலேஷன், அதற்கான சரக்கும் கொடுத்து, ஆள் வைத்துப் போட்டும் தருகிற ஒரு சப்ளையரிடம் போன பணம் 4 லட்சத்து 60 ஆயிரம். நீங்கள் தப்பிக்க வேண்டிய எல்லாவற்றையும் எழுதத்தான் உட்கார்ந்தேன்.

4 இஞ்ச் லைன், 7 பார் ஸ்டீம். பைப் 170 டிகிரியில் இருக்கும். திறந்தவெளியில் ஓடுகிறது, இரவில் நிறுத்திவிடுவோம். கேட்டது 50 மி.மீ. தடிமனில் 144 டென்சிட்டி (கன மீட்டருக்கு 144 கிலோ) ராக்வூல் பைப் செக்‌ஷன், அதாவது பாறையை உருக்கி நூற்ற பஞ்சில் பைப்பை மூட இரண்டு பாதியாக வருவது, மேலே அலுமினியம் ஷீட். கொட்டேஷனில் 144 என்று இருந்தது. பில்லில் 'ராக்வூல் பைப் செக்‌ஷன் 50 மி.மீ.' என்பதோடு சரி.

நம்பிய இடம் இதுதான். வேலை முடிந்த அன்று அவர்களின் சூப்பர்வைசர் தொடாமலே சூடு அளக்கும் இன்ஃப்ராரெட் கன்னை ஷீட்டில் காட்டினார். 36 டிகிரி. "பாருங்க சார், கையே வைக்கலாம்" என்றார். அதைப் பார்த்துத்தான் மீதிப் பணமும் கைமாறியது. பளபளக்கும் அலுமினியம் தன் சூட்டை வெளியே காட்டாது, சுற்றுப்புறத்தைத்தான் பிரதிபலிக்கும். அதன் எமிசிவிட்டி, அதாவது சூட்டைக் கதிராக வெளிவிடும் திறன், 0.1 அளவுதான், கன்னோ 0.95 என்று வைத்துக் கணக்குப் போடுகிறது. அதே இடத்தில் கருப்பு டேப் ஒட்டி அளந்தபோது 64. எல்போவில், அதாவது பைப் வளைவில், 85! தொட்டு அளக்கும் தெர்மோகப்பிளை ஒட்டி வைத்துப் பார்த்தாலும் அதேதான்.

போன் செய்தால், "புதுசுல பைண்டர் எரியும் சார், ரெண்டு நாள்ல சரியாயிடும்." முதல் சூட்டில் பைண்டர் (பஞ்சைப் பிணைக்கும் பசை) புகைவதும் நாற்றம் வருவதும் உண்மைதான், அதற்காக எல்போ 85 டிகிரிக்குப் போகாது. அடுத்த வாரம், "ஸ்டீம் டிராப்பைப் பாருங்க" என்று, லைனில் சேரும் தண்ணீரை வெளியேற்றும் வால்வின் மேல் பழி. அதற்கடுத்து, "பில்லுல டென்சிட்டியே போடலையே." கடைசியில், "ஷீட்டை நீங்களே கழட்டிட்டீங்க, வாரண்டி கிடையாது." 4 லட்சத்து 60 ஆயிரம் வாங்கியவர்கள் சொன்ன பதில் இது.

உள்ளே இருந்ததைக் கேளுங்கள். 4 இஞ்ச் பைப்புக்கு 50 மி.மீ. தடிமனில் 144 டென்சிட்டி என்றால், இரண்டு பாதியும் சேர்ந்த 1 மீட்டர் செக்‌ஷன் 3.7 கிலோ வரவேண்டும். பிரிக்காமல் மிஞ்சிக் கிடந்ததை எடை போட்டோம், 2.2 கிலோ. கணக்குப்படி டென்சிட்டி 85. அந்த மெத்தை பட்டை போட்டு இறுக்கியதும் அமுங்கி, மேல்பக்கம் 30 மி.மீ.தான் நின்றது. கீழ்ப்பக்கம் தொங்கி, பைப்புக்கும் பஞ்சுக்கும் நடுவில் விரல் போகிறது. எல்போவில் கோணம் பார்த்து வெட்டிய துண்டுகளே இல்லை, மிச்சப் பஞ்சைத் திணித்திருக்கிறார்கள். கொடுமை என்னவென்றால், ஷீட்டின் ஓவர்லாப்பைப் பைப்பின் உச்சியில் வைத்து, சீலன்ட் கூடப் போடாமல் விட்டிருக்கிறார்கள். ஒரே மழையில் பஞ்சு ஊறிவிட்டது. உலர்ந்த ராக்வூலின் வெப்பக் கடத்துதிறன் 0.04 அளவு, தண்ணீருக்கு 0.6. ஊறிய பஞ்சு இன்சுலேஷனே அல்ல. போதாததற்கு, தினமும் சூடாகி ஆறுகிற கார்பன் ஸ்டீல் பைப்பில் அந்த ஈரம் வெளியே தெரியாமல் துருவை வளர்க்கும். பெயிண்ட் இல்லாத இடங்களில் இப்போதே செம்மண் நிறம்.

எல்லாம் எழுத நேரமில்லை, வேலையாட்கள் காத்திருக்கிறார்கள். லாரியிலிருந்து இறக்கும்போதே செக்‌ஷனை எடை போடுங்கள். டென்சிட்டியும் தடிமனும் பில்லிலேயே வரட்டும். ஓவர்லாப் பக்கவாட்டில், வாய் கீழ்நோக்கி இருக்கவேண்டும். கருப்பு டேப் ஒட்டாமல் எவர் காட்டும் கன்னையும் நம்பாதீர்கள். எல்போவை மூடுமுன் நேரில் நின்று பாருங்கள். ஸ்டெயின்லெஸ் பைப் என்றால் பஞ்சிலுள்ள குளோரைடு அளவுக்கான டெஸ்ட் சர்டிபிகேட் கையில் வராமல் அதைச் சுற்றவே விடாதீர்கள், குளோரைடு அதிகமிருந்தால் வெல்டு பக்கத்தில் விரிசல் விடலாம்.