கிட்டார்ல பல்லவிக்குத் திரும்புற இடத்துல எந்த கார்டு (சேர்ந்து ஒலிக்கிற நோட்டுகள்) வைக்கிறது: எஃப்/ஜி-யா, டி மைனர் 7/ஜி-யா, ஜி7 சஸ்4-ஆ?

பெரம்பூர், ராயபுரம் பக்கம் சர்ச் காயர்ல கிட்டார் வாசிக்கிற பசங்களுக்கு இந்த இடம் நல்லாவே தெரியும், சி ஸ்கேல்ல பாட்டு போகுது, சரணம் முடிஞ்சு பல்லவிக்குத் திரும்பணும், கீபோர்டு அண்ணன் வெறும் ஜி வைக்காம எஃப் ஸ்லாஷ் ஜி வைப்பாரு, நம்மாளு அது என்னன்னு புரியாம எஃப் மட்டும் அடிப்பான். பேஸ் கிட்டார்ல ஜி ஓடிட்டு இருந்தா அந்த எஃப் மட்டுமே போதும்ங்க. ஸ்லாஷுக்கு முன்னாடி இருக்கிறது கார்டு, பின்னாடி இருக்கிறது பேஸ் நோட்டு, அதாவது அடியில கேக்குற நோட்டு, அவ்ளோதான்.

சஸ் (சஸ்பெண்டட், இறங்காம மிதக்குற சத்தம்) எப்படி வருதுன்னா, ஜி கார்டு மேஜரா மைனரான்னு சொல்றது பி நோட்டு, அத எடுத்துட்டு சி வச்சா சஸ்4. எஃப்/ஜி-ல ஜி, எஃப், ஏ, சி தான் இருக்கு, பி கிடையாது, அதனால பேருல இல்லன்னாலும் சத்தம் சஸ் தான்.

டி மைனர் 7/ஜி-ல கூடுதலா டி நோட்டு வருது, மத்ததெல்லாம் அதே. பேஸ் ஆள் இல்லாம தனியா வாசிச்சா என் ஓட்டு இதுக்கு தான். மோதிர விரல் 6-ஆவது ஸ்ட்ரிங்ல (மேல இருக்கிற தடிச்ச கம்பி) 3-ஆவது ஃப்ரெட், அதோட சதை 5-ஆவது ஸ்ட்ரிங்க லேசா தொட்டு அமுக்கிடணும், 4-ஆவது ஓப்பன் (விரல் வைக்காம), நடுவிரல் 3-ஆவது ஸ்ட்ரிங்ல 2-ஆவது ஃப்ரெட், ஆள்காட்டி விரல் கீழ இருக்கிற 2, 1 ரெண்டு ஸ்ட்ரிங்கயும் முதல் ஃப்ரெட்ல படுக்க வச்சு. அந்த ஓப்பன் டி தர்ற கனம் இருக்கே, அடடா! எஃப்/ஜி வேணும்னா அதே 4-ஆவது ஸ்ட்ரிங்ல 3-ஆவது ஃப்ரெட்ட சுண்டு விரலால புடிங்க, முடிஞ்சுது. ஆனா கை சின்னதா இருக்கிறவங்களுக்கு வலிக்கும்.

ஜி7 சஸ்4-ல ஏ இல்ல, அந்த மிதக்குற ஃபீல் கொஞ்சம் கம்மி. அதுக்கு பதிலா ஏக்கம் தீர்ற மாதிரி ஒண்ணு கேக்கணும்னா இதான் ராஜா. 6, 5 ரெண்டுலயும் 3-ஆவது ஃப்ரெட், 4, 3 ஓப்பன், கடைசி ரெண்டும் முதல் ஃப்ரெட். இப்போ 5-ஆவது ஸ்ட்ரிங்க ஒரு ஃப்ரெட் பின்னாடி கொண்டு வந்து 2-ஆவது ஸ்ட்ரிங்க ஓப்பனா விட்டுடுங்க, ரெண்டு சி-யும் பி-யா இறங்கி ஜி7 ஆயிடும், அங்கருந்து சி-க்கு போனா வீட்டுக்கு வந்துட்டோம்னு காதே சொல்லும்.

பாடுறவங்க பி நோட்டுல நின்னு இழுக்குற இடமா இருந்தா மட்டும் மூணுமே வேணாம், நம்ம சி அவங்க பி-யோட மோதும், நேரா ஜி7 போட்டுடுங்க.