கல்முனையில் உள்ளூர் கேபிள் சனலுக்கு விளம்பரம் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். ஆனால் ஒரு நாளைக்கு எத்தனை தடவை போடுவீர்கள் என்று கேட்பதை விட, எதற்குப் பின்னால் போடுவீர்கள் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு காசை நீட்டுங்கள். அவசரக்காரர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். எப்படி இந்த முடிவுக்கு வந்தேன் என்பது கொஞ்சம் நீளம்.

இலங்கையின் கிழக்குக் கரையில், கல்முனை பஸாரில் எனக்கு ஒரு சின்னக் கடை. மருதமுனைத் தறிகளில் நெய்த சாறி, சாரன், படுக்கை விரிப்பு விற்கிறேன். பாண்டிருப்பு, காரைதீவு, நீலாவணைப் பக்கத்துத் தமிழ் ஆட்களும் வருவார்கள், சாய்ந்தமருது, நிந்தவூர்ப் பக்கத்து முஸ்லிம் ஆட்களும் வருவார்கள். சக்தி, வசந்தம் மாதிரி நாடு முழுக்கத் தெரியும் சனல்களில் விளம்பரம் போட எனக்கு வசதி இல்லை. வசதி இருந்தாலும் போட மாட்டேன். மலைநாட்டில் ஹட்டனில் இருக்கும் ஒருவர் என் சாறியைப் பார்த்து ஆசைப்பட்டு பஸ் ஏறி வரப்போவதில்லை. அதனால் எங்கள் பக்கத்துக் கேபிள்காரர் நடத்தும் உள்ளூர் சனலுக்குப் போனேன். பெயர் வேண்டாம், நாளைக்கும் அவர்களோடு தொழில் செய்ய வேண்டியவள் நான்.

முதலில் விளம்பரம் எடுத்த விதம். கமரா கொண்டுவந்த தம்பி கெட்டிக்காரன். கடைக்குள் டியூப் லைட்டில் நூலின் நிறம் செத்துப்போகும் என்று சொல்லி, சாறிகளைக் கடற்கரைக்குத் தூக்கிக்கொண்டு போய், கரையில் ஏற்றிவைத்திருந்த தோணி மேல் விரித்துக் காலை வெயிலில் எடுத்தான். முந்தானையில் ஓடும் இழை வரைக்கும் தெரிந்தது. குரல்தான் எனக்குப் பிடிக்கவில்லை. சென்னையில் நகைக்கடை திறக்கிற மாதிரி ஒரே ஆரவாரம். "நம்மட ஊர்ப் புள்ள ஒராள் பேசினா ஆகாதா தம்பி?" என்று கேட்டேன். மாற்றித் தந்தார்கள், மேலதிகமாக ஒரு சதமும் கேட்கவில்லை. அந்த வேலைக்கு நான் குறை சொல்லவே மாட்டேன்.

ஆரம்பத்தில் எனக்குக் கிடைத்த இடம் இரவு 8 மணி மரண அறிவித்தலுக்கு அடுத்தது. வெளியூர்க்காரருக்கு இது விசித்திரமாக இருக்கலாம். இந்தச் சனலில் ஆட்கள் நேரம் பார்த்துத் திருப்பிப் பார்க்கிற ஒரே சாமான் அதுதான். பாட்டு எந்தச் சனலிலும் கிடைக்கும், படம் போனில் கிடைக்கும். "பாண்டிருப்பைப் பிறப்பிடமாகவும் காரைதீவை வதிவிடமாகவும் கொண்ட" என்று தொடங்கி, அன்பு மகனும் அருமைக் கணவரும் மைத்துனரும் என்று உறவு முழுக்கச் சொல்லி, "உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்" என்று முடிப்பது இங்கே மட்டும்தான். இளசுகளுக்கு முகப்புத்தகத்தில் முதலே தெரிந்துவிடும். ஆனால் சாறி வாங்க முடிவெடுப்பது இளசுகள் இல்லையே.

அறிவித்தல் ஓடும்போது வீட்டில் யாரும் பேச மாட்டார்கள். முடிந்த கையோடு தொடங்கும் பாருங்கள் பேச்சு. "இவர் ஆர்ர மகன்? தபால் கந்தோர்ல இருந்தாரே, அவர்ர தம்பியா?" "இல்லம்மா, அது மற்றவர்." "எத்தனை மணிக்கு எடுக்கிறாங்களாம்?" அந்த வாக்குவாதம் தீரும்வரை ரிமோட்டை ஒருவரும் தொட மாட்டார்கள். அந்த இடைவெளிக்குள்தான் என் விளம்பரம் வந்தது. செத்த வீட்டுச் செய்திக்குப் பின்னால் கல்யாணச் சாறியா என்று என் மாமியார் முகம் சுளித்தா. அதுவும் சரிதான் என்று பட்டது. அதனால் நடுவில் கடல் நிலவரத்தைப் போடச் சொன்னேன். அதுவும் நல்லதாய்ப் போனது. முஸ்லிம் வீடுகளில் ஜனாஸாவைப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியிலேயே சொல்லிவிடுவார்கள், அடக்கமும் பெரும்பாலும் அன்றைக்கே முடிந்துவிடும்; இரவு ரீவி அறிவித்தலுக்காக அவர்கள் காத்திருப்பதில்லை. கடலுக்குப் போகும் குடும்பங்கள் காற்று எப்படி, அலை எப்படி என்று கேட்கத் திருப்புவார்கள். இரண்டு பக்கத்து ஆட்களும் ஒரு பத்து நிமிஷத்துக்குள் ஒரே சனலில் இருந்தார்கள்.

அது எனக்கு எப்படித் தெரியும்? விளம்பரத்தில் காட்டிய மயில்நீலச் சாறியை நான் கடைக் கண்ணாடிக்குள் தொங்கவிடவே இல்லை. உள் அலுமாரியில் மடித்து வைத்திருந்தேன். யாராவது வந்து "அந்தத் தோணியில விரிச்சிருந்த நீலம் இருக்கா?" என்று கேட்டால், அவர் ரீவி பார்த்தவர். எந்த ஊர் என்றும் விசாரித்துக் கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒரு கோடு போடுவேன். கருவி கிருவி ஒன்றும் தேவைப்படவில்லை. சித்திரை வருஷத்துக்கு முதல் அந்தப் பக்கத்தில் கோடு போட இடம் தேட வேண்டியிருந்தது.

பிறகு அடுத்த நோன்பு வந்தது. சனல்காரர்கள் அறிவித்தலையும் கடல் நிலவரத்தையும் இரவு 10 மணிக்கு நகர்த்தினார்கள். நான் சண்டைக்குப் போகவில்லை, அந்த மாதத்துக்கு அது சரியான வேலை. ஆறு மணி கடந்து பாங்கு சொன்னதும் நோன்பு திறப்பு, பிறகு இஷா, தராவீஹ் தொழுகைகள். 8 மணிக்கு ஆண்கள் பள்ளியில். பெண்களும் தொழுகையில் இருப்பார்கள் அல்லது அடுப்படியில் இருப்பார்கள். 10 மணிக்குத்தான் வீடு விழித்திருக்கும். பெருநாள் கிட்டக் கிட்ட பஸாரில் கடைகளும் நடுச்சாமம் வரைக்கும் திறந்திருக்கும். 10 மணிக்குப் பார்த்துவிட்டு நேரே கிளம்பி வந்து சாரன் வாங்கியவர்கள் உண்டு. தறி போட்டுத் தரும் மருதமுனைக் காக்கா, "இந்த முறை நூல் போதாது போல இருக்கே தங்கச்சி" என்று சிரித்தார்.

கோளாறு பெருநாளுக்குப் பிறகு. அறிவித்தல் 8 மணிக்குத் திரும்பி வரவில்லை. 8 மணி இடத்தை யாரோ ஓர் அனுசரணையாளருக்குக் கொடுத்து, வாழ்த்துப் பாடல் நிகழ்ச்சி தொடங்கிவிட்டார்கள். நேயர் போன் எடுத்து மச்சாளுக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லிப் பாட்டுக் கேட்பார். கேட்கிறவர் கேட்டுவிட்டுப் போவார். அந்த மச்சாளைத் தெரியாத வீட்டுக்காரர் எதற்குப் பார்க்க வேண்டும்? அதுவும் இந்திய சனல்களில் நாடகம் சூடாக ஓடும் நேரத்தில். ஐபிஎல் காலம் வேறு. 2020இலிருந்து இரவு ஆட்டம் 7.30க்கே தொடங்குகிறது, 8 மணிக்கு ரிமோட் பொடியன்மார் கையில். முன்பெல்லாம் "கொஞ்சம் பொறு, அறிவித்தல் முடியட்டும்" என்று சொல்லி அந்த ரிமோட்டை வாங்குகிற உரிமை அம்மம்மாவுக்கு இருந்தது. வாழ்த்துப் பாட்டுக்காக யார் வாங்குவார்கள்?

10 மணிக்கு அம்மம்மா உறங்கிவிடுவா. நோன்பு முடிந்ததும் முஸ்லிம் வீடுகளும் பழையபடி வேளைக்குப் படுத்துவிடும், விடிய சுபஹுக்கு எழும்ப வேண்டும். ஆக 8 மணிக்குப் பாட்டைப் பார்க்க ஆளில்லை, 10 மணிக்கு அறிவித்தலைப் பார்க்க ஆளில்லை. ஒரே மாற்றத்தில் இரண்டு நேரமும் போச்சு. பிறகு யாரோ முறைப்பட்டார்கள் என்று 9 மணிக்குக் கொண்டுவந்தார்கள், அப்புறம் ஒன்பதரை. பிழையான நேரத்தில் நிலையாக நின்றிருந்தால்கூட ஆட்கள் பழகியிருப்பார்கள். மாற்றி மாற்றி வைத்தால் தேடுவதை விட்டுவிடுவார்கள். என் கொப்பியின் கடைசிப் பக்கம் வெறுமையாய்ப் போனது.

கந்தோருக்குப் போய்க் கேட்டேன். கணக்கு வழக்குப் பார்க்கும் தம்பி மரியாதையானவன்தான். ஒளிபரப்புப் பட்டியலைப் போட்டோக் கொப்பி எடுத்துத் தந்தான். "அக்கா, பேசின தடவை ஒண்டும் குறையல்ல, பாருங்க, எல்லாம் ஓடியிருக்கு." ஓடித்தான் இருந்தது. பத்தேகாலுக்கும், மத்தியானப் படத்துக்கு நடுவிலும், காலையில் பக்திப் பாட்டு முடிந்து ஒருவரும் இல்லாத நேரத்திலும். நேரம் மாறப்போவதை ஏன் முன்கூட்டிச் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "அது மேல எடுத்த முடிவு அக்கா" என்றான்.

கொழும்பில் விளம்பர வேலை பார்க்கும் என் மருமகன் ஒருவன் இருக்கிறான். அவனிடம் சொல்லி அழுதபோது சிரித்துவிட்டுச் சொன்னான்: "மாமி, இது அமெரிக்காக்காரன் பட்ட பாடு." 2009 செப்டம்பரில் என்பிசி என்ற சனல், பின்னிரவுப் பேச்சு நிகழ்ச்சி நடத்திப் பிரபலமான ஜே லெனோவைக் கிழமை நாட்களில் இரவு 10 மணிக்குக் கொண்டுவந்ததாம். நாடகம் எடுப்பதை விட அது மலிவு. ஆனால் 10 மணிக்கு ஆட்கள் குறைந்தபோது, 11 மணிக்கு ஊர் ஊராகச் செய்தி போடும் உள்ளூர் நிலையங்களுக்கும் ஆள் போய்விட்டது. அவர்கள் செய்தியில் ஒரு மாற்றமும் செய்யவில்லை, முன்னால் இருந்தது மாறியது, அவ்வளவுதான். நிலையக்காரர் போட்ட சத்தத்தில் 2010 பெப்ரவரியோடு அந்த நிகழ்ச்சி முடிந்தது. இங்கிலாந்தில் ஐடிவி என்ற சனல் 1999இல் தன் 10 மணிச் செய்தியைத் தூக்கி, மாலை ஆறரைக்கும் இரவு 11க்குமாகப் பிரித்துப் போட்டது. செய்தி பார்ப்பவர்கள் குறைய, ஒழுங்குபடுத்தும் ஆணையகமும் நெருக்க, 2001இல் திரும்பவும் 10 மணிக்குக் கொண்டுவர வேண்டியதாயிற்று. அத்தனை பெரிய ஆட்களுக்கே இப்படி என்றால் எங்கள் கேபிள்காரரை என்ன சொல்ல?

அவர்களுக்காவது எண்ணிப் பார்க்க வழி இருக்கிறது. இந்தியாவில் பார்க் என்ற அமைப்பு 2015இலிருந்து வீடுகளில் கருவி வைத்து எண்ணுகிறது. இப்போது ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள். ரீவிக்கு முன்னால் உட்காருகிறவர் தனக்குரிய பொத்தானை அழுத்த வேண்டும், கிழமைக்கு ஒரு தரம் எண்ணிக்கை வெளிவரும். அதைப் பார்த்துத்தான் சென்னையில் நாடகங்களை ஆறரைக்கும் ஒன்பதுக்கும் தூக்கிப் போடுகிறார்கள். அந்த வீடுகளில் ஒன்றுகூட கல்முனையில் இல்லை. நாங்கள் விழுந்து விழுந்து பார்த்தாலும் அந்தக் கணக்கில் சேர மாட்டோம். அவர்கள் நகர்த்தினால் நாங்களும் நகர வேண்டியதுதான்.

அதில் ஒரு வேடிக்கையும் நடந்திருக்கிறது. 1996இல் இலங்கை மணிக்கூட்டை முன்னே தள்ளியது; அந்த வருஷம் ஒக்டோபரிலிருந்து 2006 ஏப்ரல் வரை நாங்கள் இந்தியாவை விட அரை மணி முன்னே. சென்னையில் 8 மணிக்குத் தொடங்கும் நாடகம் இங்கே எட்டரைக்கு வரும். 2006 சித்திரை வருஷத்தோடு மணிக்கூடு பழையபடி ஆனதும், சென்னையில் ஒருவரும் தொடாமலே எங்கள் நாடகங்கள் எல்லாம் அரை மணி முன்னுக்கு வந்துவிட்டன. பின்னேர வியாபாரமும் அரை மணி முந்தியே அடங்கியது. அப்போது கடையை அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்கள் ஏன் வேளைக்குப் போகிறார்கள் என்று கொஞ்ச நாள் அவருக்கு விளங்கவே இல்லை.

சரி, சனலின் மற்ற விஷயங்கள். படம் தெளிவு. மழைக் காலத்தில் டிஷ் வைத்திருப்பவர்களுக்குப் படம் போய்விடும், இவர்கள் கேபிள் நிற்கும். நவம்பர், டிசம்பரில் அது ஒரு பலம். கரன்ட் போனால் எல்லாரும் ஒன்றுதான். பில் ஒழுங்காக வரும், ரசீது தருவார்கள். போன் எடுத்தால் எடுக்கிறார்கள். சத்தம் மட்டும் விளம்பரத்துக்கு விளம்பரம் ஏறி இறங்கும், என்னுடையது முடிந்து ஹார்ட்வெயார்க்காரருடையது வந்தால் தூங்குகிற குழந்தை எழும்பிவிடும்.

நான் மாத ஒப்பந்தத்தை நிறுத்திவிட்டேன். இப்போது சித்திரை, தீபாவளி, இரண்டு பெருநாள் என்று அந்தந்தக் காலத்துக்கு மட்டும் எடுக்கிறேன். ஒப்பந்தத்தில் 8 மணி என்று எழுத நான் விடவில்லை. "மரண அறிவித்தலுக்கும் கடல் நிலவரத்துக்கும் அடுத்து வரும் முதல் விளம்பரம்" என்று எழுதி, அவை இரண்டும் நேரம் மாறினால் ஒரு கிழமைக்கு முன் அறிவிக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த நாட்களுக்குக் காசில்லை என்றும் சேர்க்கச் சொன்னேன். முதலில் முணுமுணுத்தார்கள், பிறகு கையெழுத்து வைத்தார்கள். அறிவித்தலை 8 மணிக்குத் திருப்பிக் கொண்டுவருவது பற்றிப் பேச்சு நடக்கிறதாம். அனுசரணையாளரின் தவணை முடிய வேண்டுமாம்.

போக நினைப்பவர்கள் வெள்ளிக்கிழமை மத்தியானம் போகாதீர்கள், ஜும்ஆவுக்குப் பூட்டியிருக்கும். கமராத் தம்பி வேண்டும் என்று முதலே சொல்லிவையுங்கள், இன்னொருவரும் இருக்கிறார், அவர் எடுத்தால் எல்லா நிறமும் மஞ்சளாய்த்தான் வரும்.