பி.ஜி.எஸ். ஜியாலஜி வியூவர்: பாறை தெரிகிறது, சாய்வு தெரியவில்லை

பிரிட்டிஷ் ஜியாலஜிக்கல் சர்வேயின் இந்த இணைய வரைபடம் இலவசம், உலாவியிலேயே திறக்கும். கடற்கரையின் வடிவத்துக்குப் பாறை எவ்வளவு பொறுப்பு என்று பார்க்க, இங்கிலாந்தின் டார்செட் கடற்கரையில் இதை வைத்துப் பாருங்கள்.

ஸ்வானேஜ் ஊரைத் தேடி, வண்டல் போன்ற மேற்படிவுகளின் அடுக்கை அணைத்துவிட்டு, அடிப்பாறையை மட்டும் வையுங்கள். நிறத்தை நம்ப வேண்டாம். சொடுக்கினால் பாறையின் பெயரும் வயதும் வரும். பட்டைகள் கிழக்கு மேற்காக ஓட, கடல் அவற்றைக் குறுக்கே வெட்டுகிறது. வடக்கே ஓல்ட் ஹாரி முனையில் வெண்சுண்ணாம்பான சாக். தெற்கே டர்ல்ஸ்டன் முனையில் சுண்ணாம்புக்கல். இடையில் வீல்டன் எனும் அடுக்கின் களிமண்ணும் மணலும். அதைக் கடல் அரித்ததுதான் ஸ்வானேஜ் விரிகுடா.

மேற்கே லல்வர்த்துக்கு நகர்த்தினால் அதே பட்டைகள் கரைக்கு இணையாகிவிடும். போர்ட்லாந்து சுண்ணாம்புக்கல் மதில் போல முன்னால் நிற்கிறது. அது ஓரிடத்தில் உடைந்ததும் பின்னாலிருந்த வீல்டன் கரைந்து, சாக் வரை குடைந்து, வட்டக் குடா ஆகிவிட்டது. இதைக் காட்டுவதில் வியூவருக்கு முழு மதிப்பெண்.

குறை, அடுக்குகளின் சாய்வில். சொடுக்கினால் பாறை எதுவென்று தெரியும். எத்தனை பாகை சாய்ந்திருக்கிறது என்று தெரியாது. ஸ்வானேஜை விட லல்வர்த்தில் வீல்டன் பட்டை ஏன் இவ்வளவு குறுகல் என்பதற்குப் பாதி விடை அந்தச் சாய்வுதான் (அடுக்கே மேற்கே மெலிவது மறு பாதி). பட்டையின் அகலத்தை வைத்து ஓரளவு ஊகிக்கலாம்: சமதரையில் 100 மீட்டர் தடிமனான அடுக்கு 10 பாகை சாய்ந்தால் சுமார் 576 மீட்டர் அகலம், 60 பாகை சாய்ந்தால் 115 மீட்டர்தான். வியூவரின் தரவு வரையப்பட்ட 1:50,000 அளவில் அது 2.3 மில்லிமீட்டர், அதற்கு மேல் பெரிதாக்கினால் படம் பெரிதாகுமே தவிர விவரம் அதிகமாகாது. செங்குத்தான பாறைமுகத்தில் இந்தக் கணக்கு செல்லாது.

ஓல்ட் ஹாரியின் தனித்தூண்களுக்குக் காரணமான செங்குத்து வெடிப்புகளும் இதில் கிடையாது. அலை அந்த வெடிப்புகளில் நுழைந்துதான் குகை, வளைவு, தூண் என்று செதுக்குகிறது. அவற்றை நேரில்தான் பார்க்க வேண்டும்.

சாய்வுக் குறிகள் வேண்டுமென்றால் அதே நிறுவனம் தன் தளத்தில் இலவசமாக வைத்திருக்கும் பழைய அச்சு வரைபடங்களின் வருடல்களைப் பக்கத்தில் திறந்துகொள்ளுங்கள். அம்புக்குறியும் பாகை எண்ணும் அவற்றில்தான் உண்டு.