திரைப் பாடமா, நேர் வகுப்பா, கூட நின்று பழகுவதா?

இங்கிலாந்துக்குப் பராமரிப்பு வேலைக்கு வரும் நம்மவர்கள் முதலில் தடுமாறுவது ஒரு சொல்லில்தான். ஊரில் ‘லேர்னிங் டிஸெபிலிட்டி’ என்றால், எழுத்துகளை மாற்றிப் படிக்கும் பள்ளிப் பிள்ளைதான் நினைவுக்கு வரும். இங்கே அது அறிவுசார் மாற்றுத்திறனைக் குறிக்கிறது. பணம் எண்ண, சமைக்க, தனக்கு எங்கே வலிக்கிறது என்று சொல்ல, இப்படிப் பலதுக்கும் இவர்களுக்கு ஆயுள் முழுக்க ஒரு துணை தேவைப்படலாம். அந்தத் துணையாக வரப்போகிறவரை எப்படிப் பழக்குவது என்பதில் இங்கே மூன்று வழிகள் போட்டி போடுகின்றன. மூன்றிலும் நான் பழகியிருக்கிறேன், பிறரைப் பழக்கியும் இருக்கிறேன்.

நிறுவனங்களுக்கு மிகவும் பிடித்தது கணினிப் பாடம். செலவு குறைவு, இரவுப் பணி முடித்தவரும் வீட்டிலிருந்தே முடித்துவிடலாம், ஆய்வுக்கு வருபவரிடம் நீட்டச் சான்றிதழ் கையில் இருக்கும். ஆங்கில உச்சரிப்பு பழகாதவருக்கு, நிறுத்தித் திரும்பக் கேட்கும் வசதி பெரிய வரம். தீ பாதுகாப்பு, தொற்றுத் தடுப்பு, 2005-ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டம் போன்றவற்றை இதில் படிப்பதே நல்லது. ஆனால் முதல் வாரத்திலேயே விழுங்கல் சிரமம் பற்றிய பாடத்தில் முழு மதிப்பெண் வாங்கிய நான், அடுத்த நாள் ஒருவருக்கு நான்காம் நிலைக் கூழ் உணவு (விழுங்கச் சிரமப்படுவோரின் உணவை அதன் பதத்தை வைத்து நிலைகளாகப் பிரிப்பார்கள்) தயாரிக்கச் சொன்னபோது கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். கரண்டியில் அது குவிந்து நிற்க வேண்டும். சாய்த்தால் மொத்தமாக வழுக்கி விழ வேண்டும், ஒட்டிக்கொள்ளக் கூடாது. அதைக் கரண்டியைப் பிடித்துத்தான் கற்றேன். அன்று பக்கத்தில் ஒரு மூத்த பணியாளர் இல்லாமல் போயிருந்தால், சாப்பிட்டவருக்கு மூச்சடைத்திருக்கலாம்.

அடுத்தது நேர் வகுப்பு. இதன் பின்னால் ஒரு பையனின் மரணம் இருக்கிறது. ஆலிவர் மெக்கவனுக்கு வயது 18. ஆட்டிசம், வலிப்பு, லேசான அறிவுசார் மாற்றுத்திறன் எல்லாம் இருந்தன. மனநோய்க்கான மருந்து தனக்கு ஒத்துக்கொள்ளாது என்று அவரும் பெற்றோரும் சொல்லியும், வலிப்புக்காகச் சேர்ந்த பிரிஸ்டல் மருத்துவமனையில் ஒலான்சபின் என்ற அதே வகை மருந்தைக் கொடுத்தார்கள். 2016 நவம்பரில் இறந்துபோனார். அம்மா பாலா மெக்கவன் ஓயாமல் போராடினார். 2022 ஜூலையிலிருந்து, பதிவு பெற்ற ஒவ்வொரு சுகாதார, பராமரிப்பு நிறுவனமும் தன் பணியாளருக்கு அவரவர் வேலைக்கேற்ப அறிவுசார் மாற்றுத்திறன், ஆட்டிசம் பற்றிய பயிற்சியைக் கொடுத்தாக வேண்டும் என்பது சட்டம். ஆலிவர் பெயரிலேயே அமைந்த பயிற்சியின் முதல் நிலையில், கணினிப் பாடத்தோடு ஒரு மணி நேர நேரலை உரையாடலும் உண்டு. நேரடிப் பராமரிப்பில் இருப்பவருக்கான இரண்டாம் நிலையில் ஒரு முழுநாள் வகுப்பு.

அந்த வகுப்பை நடத்துபவர்களில் அறிவுசார் மாற்றுத்திறனாளி ஒருவரும் ஆட்டிசம் உள்ள ஒருவரும் இருப்பார்கள். நான் போன நாளில் அவர்களில் ஓர் ஆசிரியை ஒரு வாக்கியத்தைத் தொடங்கிவிட்டு வெகுநேரம் நின்றார். சொல்லை எடுத்துக் கொடுக்க எனக்கு நாக்கு துறுதுறுத்தது. அறை முழுக்கக் காத்திருந்தது. அவரே முடித்தார். அதுவரை வேலையில் எத்தனை பேரின் வாக்கியத்தை நான் பறித்து முடித்திருக்கிறேன் என்று அன்றுதான் உறைத்தது. எந்தத் திரையும் இதை எனக்குக் கற்றுத் தந்திருக்காது. குறை, செலவுதான். ஒரு நாள் சம்பளம், அன்றைக்கு மாற்று ஆள், பயணம் என்று சிறிய பராமரிப்பு இல்லங்களுக்கு உண்மையாகவே பாரம்.

மூன்றாவது, ஷேடோயிங். மூத்தவரோடு கூட நின்று பார்த்துப் பழகுவது. ஒருவர் காதில் ஓங்கி அறைந்துகொள்கிறார் என்றால் கோபமா, பல்வலியா, நான்கு நாளாக மலம் போகாததா? அந்த மனிதரோடு பழகியவருக்குத்தான் தெரியும். பேச்சில்லாதவரின் உடல்மொழிக்குப் பொது அகராதி கிடையாது.

ஆனால் நல்லதைப் போலவே கெட்டதும் இப்படித்தான் கைமாறும். பிரிஸ்டல் அருகே விண்டர்போர்ன் வியூ என்ற தனியார் மருத்துவமனையில் அறிவுசார் மாற்றுத்திறனாளிகளுக்குப் பணியாளர்கள் செய்த கொடுமைகளை 2011-இல் பிபிசியின் மறைமுகக் கேமரா வெளிக்கொண்டுவந்தது. பணியாளர்கள் 11 பேருக்குத் தண்டனை கிடைத்தது. அப்படியொரு இடத்தில் புதிதாகச் சேர்பவர் யாரைப் பார்த்து வேலை பழகுவார்?

அதனால் நான் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்க மாட்டேன், வரிசையை மாற்றுவேன். முதல் இரண்டு நாள் எந்தப் பொறுப்பும் இல்லாமல் இல்லத்தில் உட்கார்ந்து தேநீர் குடிக்கட்டும், பெயர்களைப் பழகட்டும். பிறகு நேர் வகுப்பு. முகங்கள் மனதில் இருக்கும்போதுதான் அங்கே கேட்பது ஒட்டும். அதன் பின் ஷேடோயிங், கட்டாயம் இருவரிடம், அதில் ஒருவர் வேறு இல்லத்துக்காரர். கணினிப் பாடம் இடையிடையே வரட்டும். கையில் காசு குறைவென்றால் கணினியில் வெட்டுங்கள், வகுப்பில் வெட்டாதீர்கள்.

எங்கள் இல்லத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு. புதிய பணியாளருக்கான அடிப்படைத் தகுதியான ‘கேர் சர்டிஃபிகேட்’டுக்கு வேலை மதிப்பீட்டை எழுதும் முன், புதியவரைப் பற்றி அங்கே வசிப்பவரையும் கேட்போம். பேச்சில்லாத ஒருவர் மக்கட்டன் என்ற எளிய சைகை முறையில் கட்டைவிரலை உயர்த்துவார். போன மாதம் ஒரு பெண்ணுக்கு உயர்த்தவில்லை. அவருக்கு ஷேடோயிங்கை இன்னும் இரண்டு வாரம் நீட்டினோம்.