பிடிஎஃப்பா, ட்ரைவ் லிங்கா, இணையப் பக்கமா? கொழும்பு டிஜேக்கு ஏற்ற பிரஸ் கிட் எது?

வெள்ளவத்தையில் கல்யாண வீட்டுக்கு டிஜே தேடுகிறவரும், ஞாயிறு இதழுக்குக் கலைப்பக்கம் செய்கிற உதவி ஆசிரியரும், காலிமுகத்திடல் பக்கத்து ஹோட்டல் ஒன்றில் நிகழ்ச்சிகளைப் பார்க்கிற மனேஜரும் கேட்பது ஒன்றுதான்: "உங்கட டீற்றெயில்ஸை ஒருக்கா அனுப்பி விடுங்கோ." அனுப்பியதை வைத்து அவர்கள் செய்யும் வேலைதான் ஆளுக்கு ஆள் வேறு. முதலாமவர் அதைக் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டு அபிப்பிராயம் கேட்பார். இரண்டாமவர் நான்கு வரியைக் கொப்பி செய்து, ஒரு படத்தை இறக்கி, பக்கத்தை முடிக்கப் பார்ப்பார். மூன்றாமவருக்கு வேண்டியது, சவுண்ட்காரரிடம் கொடுக்க ஓர் உபகரணப் பட்டியல். இப்படி அனுப்பும் அறிமுகத் தொகுப்புக்குத்தான் பிரஸ் கிட் என்று பெயர். அந்தக் கிட்டை எந்த வடிவில் செய்வது என்பதை இந்த மூவரையும் நினைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

உள்ளே என்ன போகவேண்டும் என்பதில் பெரிய சர்ச்சை இல்லை. சின்னதாக ஒன்றும் சற்று நீளமாக ஒன்றும் என இரண்டு அறிமுகம், சில நல்ல படங்கள், கேட்கவும் பார்க்கவும் ஓரிரு இணைப்புகள், வாசித்த இடங்கள், தொழில்நுட்பத் தேவைகள், தொடர்பு இலக்கம். சண்டை எல்லாம் இவற்றை எதில் கட்டிக் கொடுப்பது என்பதில்தான்.

கல்யாணச் சந்தைக்கு பிடிஎஃப்பை வெல்ல ஒன்றுமில்லை. இரண்டு பக்கம், சில எம்பி, அவ்வளவுதான். வெள்ளவத்தையில் மாப்பிள்ளையின் அண்ணா பார்த்துவிட்டு ரொறன்ரோவில் இருக்கும் அக்காவுக்குத் தட்டிவிடுவார். காசு கட்டுகிறவர் அக்கா என்றால் உண்மையான வாசகர் அவர்தான். டேட்டா இல்லாவிட்டாலும் திறக்கும், லொகின் கேட்காது. ஆனால் ஒருமுறை அனுப்பிய பிடிஎஃப் உங்கள் கையில் இல்லை. நீங்கள் இலக்கத்தை மாற்றினாலும் பழைய இலக்கம் குழுக்களில் சுற்றிக்கொண்டே இருக்கும். விலையை அதில் போடாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். மூன்று வருடத்துக்கு முந்திய விலையைக் காட்டிப் பேரம் பேச ஆள் வரும்.

பத்திரிகைக்காரரிடம் போனால் அதே பிடிஎஃப் தலைவலி. கன்வா என்ற வடிவமைப்புச் செயலியில் அழகாகச் செய்த பக்கத்திலிருந்து தமிழைக் கொப்பி செய்து ஒட்டிப் பாருங்கள். பல வேளைகளில் 'கொ'வின் கொம்பு ஒரு பக்கமும் கால் இன்னொரு பக்கமும் போய்க் கிடக்கும், நடுவில் சதுரப் பெட்டிகள் வேறு. அறிமுகத்தை பாமினி எழுத்துருவில் அடித்துக் கொடுப்பவர்களும் இன்னும் இருக்கிறார்கள். அந்த எழுத்துரு இல்லாத போனில் அது முழுக்க ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். வீரகேசரி, தினக்குரல் போன்ற நாளேடுகளின் கலைப்பக்கத்தில் வரவேண்டும் என்று ஆசைப்படுகிறவர், யூனிகோட்டில் அடித்த வெறும் உரைக் கோப்பு ஒன்றைப் பிடிஎஃப்போடு சேர்த்து அனுப்புவது கட்டாயம். மேடைப் பெயரைத் தமிழில் எப்படி எழுதவேண்டும் என்பதும் அதில் இருக்கட்டும். இல்லாவிட்டால் 'டிஜே' என்பதற்குப் பிறகு என்ன வரும் என்பதை உதவி ஆசிரியரின் காது தீர்மானிக்கும்.

படங்களுக்கு மட்டும் கூகுள் ட்ரைவ் ஃபோல்டரை விட வசதியான ஒன்று இல்லை. அச்சுக்கு 300 டிபிஐ, அதாவது ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி, என்பது பொது வழக்கம். 10 அங்குல அகலத்தில் படம் வரவேண்டுமானால் 3000 பிக்சல் தேவை. வட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படமாக அனுப்பினால் அது சுருங்கிப்போகும். டொக்கியுமென்டாக அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும். ஃபோல்டரில் நெடுக்கில் ஒன்று, கிடையில் ஒன்று, பனர் அடிக்க ஒரு பக்கம் வெறுமையாக இருக்கும் ஒன்று போதும். கோப்பின் பெயரில் உங்கள் பெயரும் படம் எடுத்தவரின் பெயரும் இருக்கட்டும். ட்ரைவின் பெரிய சாபம், திறந்தால் அனுமதி கேள் என்று வரும் பக்கம். 'லிங்க் உள்ள எவரும்' என்று மாற்றிவிட்டு வேறொருவரின் போனில் திறந்து பாருங்கள். கோப்பு அனுப்பும் தளமான வீட்ரான்ஸ்ஃபரின் இலவச லிங்க் சில நாளில் செத்துவிடும், கிட்டுக்கு அது சரிவராது.

இணையப் பக்கம் வேலை கூடியது, செலவும் உண்டு. டொமைன் கட்டணத்தை வருடாவருடம் கட்ட மறந்தால் உங்கள் முகவரி ஒருநாள் மறைந்துவிடும். ஆனால் சொந்தப் பாட்டு செய்கிறவர், வெளிநாட்டு விழாக்களுக்கு விண்ணப்பிக்கிறவர், லயனல் வென்ட் மாதிரி அரங்கில் சொந்த நிகழ்ச்சி வைக்க நினைக்கிறவர் இதைத்தான் செய்யவேண்டும். ஒரே லிங்க், திருத்தினால் எல்லோருக்கும் திருந்தும், உரையைச் சிதையாமல் கொப்பி செய்யலாம், ட்ரைவ் ஃபோல்டரையும் அதிலேயே கொழுவலாம். பல லிங்குகளை ஒரே பக்கத்தில் அடுக்கித் தரும் லிங்க்ட்ரீயை இதற்குப் பதிலாக வைப்பதை நான் ஏற்கமாட்டேன். அது ஒரு வாசலைத் திறந்தால் இன்னும் ஆறு வாசலைக் காட்டுகிற வீடு. இன்ஸ்டகிராம் கூட்டத்தைக் காட்டும், சரி. கணக்கில்லாதவரிடம் லொகின் கேட்கும், உபகரணப் பட்டியலையும் அங்கே தேட முடியாது.

ஒலிக்கு வந்தால், மற்றவர் பாட்டுகளைக் கலக்கும் டிஜேக்கு மிக்ஸ்க்ளவுட்தான் பாதுகாப்பு. மிக்ஸ்களுக்கென்றே உரிம ஒப்பந்தங்களை வைத்திருக்கும் தளம் அது. இலவசக் கணக்கில் 10 மிக்ஸ் வரைதான் வெளியிடலாம், கிட்டுக்கு அது தாராளம். சினிமாப் பாட்டு மிக்ஸை சவுண்ட்க்ளவுட்டிலோ யூடியூப்பிலோ போட்டால் பதிப்புரிமைக் காரணத்தால் தூக்கப்படலாம். யூடியூப்பில் சில நாடுகளுக்கு மட்டும் தடை விழுவதும் உண்டு. கொழும்பில் ஓடுகிறது என்று நம்பி அனுப்பினால் ரொறன்ரோ அக்காவுக்குக் கறுப்புத் திரைதான். கல்யாணக்காரர் ஒரு மணிநேர மிக்ஸைக் கேட்கப்போவதில்லை. சனம் ஆடுகிற ஒரு நிமிட வீடியோ போதும்.

உபகரணப் பட்டியலை எந்த வடிவத்திலும் தனித்தாளாக வையுங்கள். 'நல்ல சவுண்ட் வேணும்' என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. எத்தனை பிளேயர், எந்த மொடல், எத்தனை சனல் மிக்சர், மேடையில் டிஜேக்குக் கேட்க மொனிற்றர் ஸ்பீக்கர் வேண்டுமா என்பதை எழுதவேண்டும். பாட்டை வைத்திருக்கும் யூஎஸ்பியை எந்த முறையில் ஃபோர்மட் செய்வது என்பதும் பிளேயரைப் பொறுத்தது. சிடிஜே-3000 என்ற பிளேயர் எக்ஸ்ஃபாற் முறையில் ஃபோர்மட் செய்த யூஎஸ்பியைப் படிக்கும், அதற்கு முந்திய சிடிஜே-2000நெக்ஸஸ்2 படிக்காது. மண்டபத்தில் எது இருக்கும் என்று தெரியாத ஊரில் இரண்டும் படிக்கும் ஃபாற்32 முறைதான் புத்தி.

ஒன்றை மட்டும்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால், கல்யாணமும் பேர்த்டேயும் செய்கிறவர் இரண்டு பக்க பிடிஎஃப்பைச் செய்யட்டும், சொந்தப் பாட்டுக்காரர் இணையப் பக்கத்தைச் செய்யட்டும். மொழி விஷயத்தில் தமிழும் ஆங்கிலமும் கட்டாயம், சிங்களத்தில் ஒரு பந்தி இருந்தால் இந்த ஊரில் இன்னும் சில கதவு திறக்கும். தொடர்பு இலக்கத்துக்கு நேரே 'மனேஜர்' என்று தம்பியின் பெயரைப் போடுவதிலும் பிழையில்லை, தம்பி போனை எடுப்பான் என்றால்.